'எலியாவின் நாட்கள்' என்று பாடும்போது நாம் எந்த நாட்களைச் சொல்லுகிறோம்?

உங்கள் சபையின் வாலிபர் பாடற்குழு 'டேஸ் ஆஃப் எலைஜா' என்ற ஆங்கில ஆராதனைப் பாடலைப் பழகிவருவதாகவும், அதைத் தமிழில் பெயர்த்துத் தரும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதாகவும், அதற்குள் சபை மூப்பர் ஒருவர் இரண்டு தடைகளைச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எலியா வாழ்ந்து 2,800 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பிறகு, 'இவை எலியாவின் நாட்கள்' என்று இன்று பாடுவது எப்படி வேதத்துக்கு ஒத்ததாகும் என்பது அவர் சொன்ன முதல் தடை. ஆலயத்தைக் கட்டியவர் சாலொமோன் என்று வேதமே சொல்லும்போது, தாவீது ஆலயத்தைத் திரும்ப எடுத்துக் கட்டுவதாகப் பாடுவது பிழையல்லவா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஏற்பாட்டு மனிதர் ஒருவரின் காலத்தை எடுத்து நம் காலத்தின்மேல் வைத்துப் பேச நமக்கு உரிமை உண்டா, உண்டென்றால் அந்த உரிமையை நமக்குத் தந்தது யார் என்பதே அது.

நான் இறையியல் கல்லூரி ஒன்றில் 24 ஆண்டுகள் பழைய ஏற்பாடும் எபிரெய மொழியும் கற்பித்தவன். இசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. இந்தப் பாடலை உங்கள் ஆராதனையில் பாட வேண்டுமா என்பதையும் உங்கள் போதகரும் மூப்பர்களும்தான் முடிவு செய்ய வேண்டும். பாடலின் ஒவ்வொரு அடியும் வேதத்தின் எந்த இடத்தில் நிற்கிறது, அங்கே உறுதியாக நிற்கிறதா, சற்று ஆடுகிறதா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். பாடலாசிரியரே சொன்னவற்றையும், வசனம் தெளிவாகச் சொல்லுகிறவற்றையும், நான் வாசித்துக் கண்டவற்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுத முயலுகிறேன்.

பாடலை எழுதியவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த ராபின் மார்க். அது பிறந்த விதத்தை அவரே வெளிப்படையாக விளக்கியிருப்பதால் இதில் ஊகத்துக்கு வேலையில்லை. 1994-ஆம் ஆண்டின் முடிவில், அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளைத் திரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொகுப்பொன்றை அவர் பார்த்தார். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறக்குறைய 100 நாட்களில், ருவாண்டாவில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டிருந்தார்கள். அதே ஆண்டில்தான், 3,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருந்த வட அயர்லாந்து மோதலில், ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவும் அக்டோபர் 13 அன்று எதிர்த்தரப்பு ஆயுதக் குழுக்களும் போர் நிறுத்தம் அறிவித்திருந்தன. இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்த்து மனம் உடைந்தவராய், 'கர்த்தாவே, நாங்கள் எப்படிப்பட்ட நாட்களில் வாழ்கிறோம்? உலகம் இன்னும் உமது கையில்தான் இருக்கிறதா?' என்ற கருத்தில் அவர் ஜெபித்திருக்கிறார். இவை எலியாவின் நாட்களைப் போன்றவை, துணிந்து நின்று சாட்சி சொல்லும் மனிதரைத் தேவன் தேடும் நாட்கள் என்பதே தமக்குக் கிடைத்த பதிலாக அவர் உணர்ந்தார். 1995-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம் சபையில் போதகர் எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகளைப் பற்றிப் பிரசங்கித்ததைக் கேட்டு, இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே இருந்த அரைமணி நேரத்தில் சபைக் கட்டடத்தின் சமையலறையில் உட்கார்ந்து பாடலை எழுதினார். இரண்டாம் ஆராதனையின் முடிவிலேயே சபை அதைப் பாடியது. 1999-இல் வெளிவந்த பெல்ஃபாஸ்ட் நேரடிப் பதிவின் வழியாக அது கடல் கடந்து பரவியது. ஆகவே 'எந்த நாட்கள்' என்ற கேள்விதான் இந்தப் பாடலின் பிறப்பிடம். ஆய்ந்து அடுக்கிய உபதேசமாக அது எழுதப்படவில்லை. துயரத்தோடு கேட்ட ஒரு ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாக எழுதப்பட்டது. மூப்பரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

இனி முதல் தடைக்கு வருகிறேன். எலியாவின் காலம் 1 இராஜாக்கள் 17 முதல் 19 வரையுள்ள அதிகாரங்களில் விரிகிறது. மழையில்லாத வருடங்கள், நாட்டில் பஞ்சம், கர்த்தரின் தீர்க்கதரிசிகள் அரசி யேசபேலின் பட்டயத்துக்குத் தப்பிக் கெபிகளில் ஒளிந்திருந்தது, பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிரே கர்மேல் மலையில் ஒற்றை ஆளாக நின்றது ஆகியவைதான் அந்த நாட்கள். பாடலின் முதல் சரணம் பஞ்சத்தையும் இருளையும் பட்டயத்தையும் சேர்த்துச் சொல்லுவது இதனால்தான். அந்த நாட்கள் திரும்பவும் வரும் என்று முதலில் சொன்னவர் ராபின் மார்க் அல்ல; மல்கியா. நம் பழைய ஏற்பாட்டின் கடைசி மூன்று வசனங்களை எடுத்து வாசியுங்கள். மல்கியா 4:4, 'என் தாசனாகிய மோசே' பெற்ற நியாயப்பிரமாணத்தை நினைக்கச் சொல்லுகிறது. அடுத்த வசனம், கர்த்தருடைய பெரிதும் பயங்கரமுமான நாள் வருமுன் எலியா தீர்க்கதரிசியை அனுப்புவேன் என்கிறது. பாடலின் முதல் சரணத்தில் எலியாவும், 'உமது தாசன் மோசே'யும், நீதி திரும்ப நிலைநாட்டப்படுவதும் அடுத்தடுத்து வருகின்றன. வரிசை மட்டுமே மாறியிருக்கிறது. மோசேயைப் பற்றிய அடிக்கு, கிருபையின் காலத்திலும் தேவனுடைய ஜனத்திடம் நீதியான வாழ்க்கை எதிர்பார்க்கப்படுகிறது என்பதே பொருள் என்று ஆசிரியர் விளக்கியிருக்கிறார். மல்கியாவின் முடிவோடு இது பொருந்துவது நான் கண்டது. ஆனால் பொருத்தம் வசனத்திலேயே இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

அந்தச் சரணம் வனாந்தரத்திலே கூப்பிடுகிற சத்தமாக நாம் இருக்கிறோம் என்று முடிகிறது. அது ஏசாயா 40:3. நான்கு சுவிசேஷங்களும் யோவான்ஸ்நானகனைக் குறித்து எடுத்தாளுகிற வசனம். எலியாவில் தொடங்கிய சரணம் யோவானில் முடிவதைத் தற்செயல் என்று கொள்ள முடியவில்லை. யோவானின் தந்தை சகரியாவுக்குத் தோன்றிய தூதன், யோவான் 'எலியாவின் ஆவியும் பலமும் உடையவனாய்' நடப்பான் என்கிறான் (லூக்கா 1:17). இயேசுவோ, ஏற்றுக்கொள்ள மனதிருந்தால் வருகிறவனாகிய எலியா இவன்தான் என்று சொல்லுகிறார் (மத்தேயு 11:14). ஆனால் 'நீர் எலியாவா?' என்று நேரடியாகக் கேட்கப்பட்டபோது யோவான், 'நான் அவன் அல்ல' என்கிறார் (யோவான் 1:21). இந்த மூன்று வசனங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக என் மாணவர்கள் ஆண்டுதோறும் சொல்லுவார்கள். முரண் இல்லை. ஆள் வேறு, ஆவியும் பலமும் ஒன்று. எலியா என்ற மனிதர் திரும்பப் பிறந்து வரவில்லை. எலியாவின் ஊழியம் இன்னொருவரில் திரும்பவும் எழுந்தது. ஆகையால் ஒருவருடைய நாட்கள் அவரோடு முடிந்துவிடாமல் பிற்காலத்தில் மறுபடியும் நிகழக்கூடும் என்று காட்டியிருப்பது வேதமே. நமக்கு உரிமை தந்தது யார் என்ற கேள்விக்கு இந்த இடத்தில் ஐயமற்ற பதில் இருக்கிறது.

அந்த உரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. உங்கள் மூப்பரின் அச்சம் அதைத் தொட்டு நிற்பதாகவே எனக்குப் படுகிறது. யோவானுக்குத் தூதன் கொடுத்த பெயரை நாம் ஒவ்வொருவரும் எடுத்து அணிந்துகொள்ள முடியாது. பாடல் 'நாங்கள்' என்று பன்மையில் சொல்லுகிறது. தனி ஒருவர் எழுந்து 'நானே இக்காலத்து எலியா' என்று சொல்ல அது இடம் கொடுக்கவில்லை. எலியாவே ஒருமுறை இதில் தவறினார். 'நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்' என்று ஓரேப் மலையில் அவர் முறையிட்டபோது, பாகாலுக்கு முழங்கால் முடங்காதிருக்கிற 7,000 பேரை மீதியாக வைத்திருப்பதாகக் கர்த்தர் பதில் சொன்னார். எலியாவின் நாட்களைப் பாடுகிறவர்கள் அந்த 7,000 பேரையும் சேர்த்தே பாட வேண்டும். யாக்கோபு 5:17 எலியாவை 'நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன்' என்று சொல்லி நம் அருகிலேயே நிறுத்துகிறது. சபையாக நின்று பாடுவதற்கு அந்த வசனம் ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் சரணம் எசேக்கியேலின் நாட்களில் தொடங்குகிறது. எசேக்கியேல் 37-இன் எலும்புகள் யார் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை, ஏனெனில் 11-ஆம் வசனம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது: அவர்கள் இஸ்ரவேல் வம்சத்தார் அனைவரும். பாபிலோனில் சிறைப்பட்டிருந்து, 'எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயிற்று, எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று' என்று சொல்லிக்கொண்டிருந்த ஜனம் அது. ஆகையால் இந்தத் தரிசனத்தின் முதற்பொருள் ஒரு ஜனம் தன் தேசத்துக்குத் திரும்புவது. ராபின் மார்க் இதைச் சபையின் ஒருமைப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். பல விளக்கங்கள் இருப்பதை ஒத்துக்கொண்டுதான் அப்படிச் செய்திருக்கிறார். எலும்புகளை மட்டும் வாசித்தால் இந்த விளக்கம் சற்று இழுத்துப் பொருத்தியதுபோலத் தெரியும். ஆனால் அதிகாரம் எலும்புகளோடு முடிந்துவிடவில்லை. 15-ஆம் வசனத்திலிருந்து தீர்க்கதரிசி இரண்டு கோல்களை எடுக்கிறார். ஒன்றில் யூதாவின் பெயரும் மற்றொன்றில் யோசேப்பின் பெயரும் எழுதி, அவை தம் கையில் ஒரே கோலாகும்படி சேர்த்துப் பிடிக்கிறார். சாலொமோனுக்குப் பின் பிரிந்து தங்களுக்குள் போரிட்ட இரண்டு இராஜ்யங்கள் அவை. எலும்போடு எலும்பு சேர்ந்ததன் நிறைவு, பிரிந்த ஜனம் ஒன்றானதுதான் என்று அந்த அதிகாரமே சொல்லுகிறது. ஒரே தேவனைத் தொழுதுகொண்டு, தெருக்களுக்கு நடுவே மதில் எழுப்பிப் பிரிந்து வாழ்ந்த பெல்ஃபாஸ்டில், ஆயுதங்கள் மௌனமான சில மாதங்களுக்குள் அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டபோது மக்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ருவாண்டாவிலோ எலும்புகள் உவமையாகக்கூட இருக்கவில்லை. அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடியவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். நியாமாட்டா, ந்தராமா என்ற ஊர்களின் ஆலயங்கள் இன்று அவர்களுடைய எலும்புகளைத் தாங்கி நினைவிடங்களாக நிற்கின்றன. இந்த எலும்புகள் உயிரடையுமா என்ற கேள்வியை நாம் இலேசாகப் பாடிவிடக் கூடாது.

இப்போது தாவீது. தாவீது ஆலயத்தைக் கட்டவில்லை என்று உங்கள் மூப்பர் சொன்னது முற்றிலும் சரி. திரளான இரத்தத்தைச் சிந்தினவராகையால் அவர் ஆலயம் கட்டக்கூடாது என்று 1 நாளாகமம் 22:8 காரணத்தோடு சொல்லுகிறது. பாடலாசிரியருக்கும் இது தெரியும். தம் விளக்கத்தில் தாமே அதைக் குறிப்பிட்டு, துதி ஆராதனை சபைக்குத் திரும்பக் கிடைப்பதைத்தான் சொல்ல வந்ததாக எழுதியிருக்கிறார். பாடலில் வருவதும் வெறும் ஆலயமன்று, துதியின் ஆலயம். கல்லாலும் கேதுருவாலும் கட்டியது சாலொமோன் என்றால், ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களை நியமித்துப் பாடலால் ஓர் ஆராதனையைக் கட்டியெழுப்பியவர் தாவீதுதான். கர்த்தரைத் துதிக்கும்படி 4,000 பேரை அவர் ஏற்படுத்தியதாக 1 நாளாகமம் 23:5 சொல்லுகிறது. இந்த அளவில் பாடல் பிழையற்றது. 'திரும்பக் கட்டுதல்' என்ற சொல்தான் வேறொரு வசனத்தைத் தொட்டு இழுக்கிறது. ஐயத்துக்குரிய பகுதியும் அதுவே.

ஆமோஸ் 9:11-இல், விழுந்துபோன தாவீதின் கூடாரத்தைத் திரும்ப எடுப்பிப்பேன் என்று கர்த்தர் வாக்களிக்கிறார். உடன்படிக்கைப் பெட்டிக்காகத் தாவீது எருசலேமில் போட்ட கூடாரத்தை இதோடு இணைத்து, கடைசிக் காலத்தில் தாவீதின் காலத்து இசை ஆராதனை சபையில் மீண்டும் எழும் என்று ஒரு போதனை உண்டு. 1948-இல் கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்திலுள்ள நார்த் பேட்டில்ஃபோர்டில் தொடங்கிய பின்மாரி இயக்கம் என்ற கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கம் அதைப் பரப்பியது. பிற்காலத்து ஆராதனைப் பாடல்கள் பலவற்றில் அதன் சாயல் உண்டு. இந்த இணைப்பு தமிழில் வாசிக்கும்போது மிக இயல்பாகத் தோன்றும், ஏனென்றால் நம் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் 'கூடாரம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எபிரெயத்தில் அவை வேறு சொற்கள். 2 சாமுவேல் 6:17-இல் தாவீது போட்ட கூடாரம் 'ஓஹெல்'. ஆமோஸ் சொல்லுவதோ 'சுக்கா'. இலை தழைகளால் வேயும் பந்தல் அல்லது குடில். ஏசாயா 1:8-இல் திராட்சத்தோட்டத்துக் காவலுக்குப் போடும் சுக்காவை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'குடிசை' என்றே சரியாகப் பெயர்த்திருக்கிறார்கள். ஆமோஸின் வசனத்தில் விழுந்து கிடப்பது, திறப்புகள் விழுந்து, பழுதாகி, குடிசை அளவுக்குச் சிறுத்துப்போன தாவீதின் அரச வம்சம் என்பதே பெரும்பாலான வேத அறிஞர்களின் வாசிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எருசலேம் ஆலோசனைச் சங்கத்தில் யாக்கோபு இதே வசனத்தை எடுத்தாளும்போது (அப்போஸ்தலர் 15:16-17) இசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; புறஜாதியார் கர்த்தரைத் தேடுவதற்கு வழி திறந்ததைத்தான் சொல்லுகிறார். ஆகவே துதி ஆராதனை திரும்ப எழும் என்பதற்கு ஆமோஸ் 9:11-ஐ மட்டும் ஆதாரமாகக் காட்டினால் அது உறுதியான ஆதாரம் ஆகாது.

அந்த அடிக்கு இதைவிட வலிய ஆதாரம் வேறொன்று இருப்பதாக எண்ணுகிறேன். எசேக்கியேல் 37-ஐ இன்னும் சில வசனங்கள் தொடர்ந்து வாசித்தால், இரண்டு கோல்கள் ஒன்றானவுடன் 24-ஆம் வசனம் 'என் தாசனாகிய தாவீது' அவர்கள்மேல் ராஜாவாக இருப்பான் என்கிறது. எசேக்கியேலின் காலத்தில் தாவீது இறந்து ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகையால் அது தாவீதின் வம்சத்தில் வரப்போகிற ஒருவரைப் பற்றிய சொல். அதே மூச்சில் 26-ஆம் வசனம், கர்த்தர் தம் பரிசுத்த ஸ்தலத்தை அவர்கள் நடுவில் என்றென்றைக்கும் வைப்பார் என்கிறது. எலும்புகள், ஒன்றாகும் ஜனம், தாசனாகிய தாவீது, நடுவில் எழும் பரிசுத்த ஸ்தலம் ஆகிய நான்கும் ஒரே அதிகாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாடலின் இரண்டாம் சரணமும் எசேக்கியேல், 'உமது தாசன் தாவீது', துதியின் ஆலயம் என்றுதான் போகிறது. அன்று காலை பிரசங்கிக்கப்பட்ட அதிகாரம் இதுவே என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆசிரியர் இந்த வரிசையை எண்ணி எழுதியதாகச் சொல்லவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் மூப்பரின் இரண்டாம் தடைக்கு நான் தரும் பதில் இதுதான்: தாவீதும் பரிசுத்த ஸ்தலமும் சேர்ந்து நிற்பதைக் காண ஆமோஸ் வரை போக வேண்டியதில்லை.

அறுவடையைப் பற்றிய அடிகளை விரைவாகக் கடந்துவிடலாம். வயல்கள் வெண்மையாயிருப்பதாகப் பாடல் சொல்லுவது யோவான் 4:35. நம் தமிழ் வேதாகமத்தில் வயல்நிலங்கள் அறுப்புக்கு விளைந்திருப்பதாக மட்டுமே இருப்பதால் உங்கள் வாலிபர்களுக்கு வெண்மை எங்கிருந்து வந்தது என்ற ஐயம் எழலாம்; கிரேக்க மூலத்தில் வெண்மை என்ற சொல் உண்டு. திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் மத்தேயு 20-இன் உவமையிலிருந்து வருகிறார்கள். தானிய வயலும் திராட்சத்தோட்டமும் ஒரே மூச்சில் வருவது படிமக் கலப்பு. உபதேசப் பிழை ஏதும் இல்லை.

பல்லவிதான் பாடலின் உச்சம். மேகங்கள்மேல் ஏறி அவர் வருகிறார், சூரியனைப்போலப் பிரகாசிக்கிறார், எக்காளம் தொனிக்கிறது, யூபிலி வருஷம் வந்துவிட்டது என்று அது அறிவிக்கிறது. மேகங்களோடு வருகிறவர் தானியேல் 7:13-இன் மனுஷகுமாரன். ஆனால் தானியேலில் அவர் பூமியை நோக்கி வரவில்லை, நீண்ட ஆயுசுள்ளவராகிய தேவனிடத்துக்குச் சென்று ராஜரிகத்தைப் பெறுகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாடல் பாடுவது இரண்டாம் வருகையை. அதற்கு வெளிப்படுத்தல் 1:7-உம் அப்போஸ்தலர் 1:11-உம் நேரடியான ஆதாரங்கள். மேகங்கள்மேல் 'ஏறி' வருவதில் எலியாவின் கதையோடு ஒட்டிய ஒரு நுட்பமும் உண்டு. சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுக்கப்பட்ட, உகாரித் என்ற பழங்கால நகரத்தின் களிமண் பலகைகள் எலியாவுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றில் 'மேகங்கள்மேல் ஏறிச் செல்பவன்' என்பது பாகாலின் பட்டப்பெயர். மழையைத் தருகிறவன் பாகால் என்று நம்பிய நாட்டில், மழை கர்த்தரின் சொல்லால் நிற்கும், அவர் சொல்லால் பெய்யும் என்று காட்டியதுதான் எலியாவின் ஊழியம். சங்கீதம் 104:3-உம் ஏசாயா 19:1-உம் அந்தச் சிறப்பைக் கர்த்தருக்கே உரியதாக்குகின்றன. கர்மேல் மலையில் நடந்த வழக்கின் தீர்ப்பு இந்தப் பல்லவியிலும் ஒலிப்பதாகவே எனக்குக் கேட்கிறது.

எக்காளமும் யூபிலியும் சேர்ந்து வருவது மிகப் பொருத்தம். லேவியராகமம் 25-இன்படி ஐம்பதாம் வருஷத்தில், ஏழாம் மாதம் பத்தாம் நாளாகிய பாவநிவாரண நாளில் எக்காளம் ஊதி யூபிலி அறிவிக்கப்பட வேண்டும்; விற்ற காணி உரியவனிடம் திரும்ப வேண்டும், கடனால் அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். யூபிலி என்ற பெயரே ஆட்டுக்கொம்பைக் குறிக்கும் 'யோபேல்' என்ற எபிரெயச் சொல்லிலிருந்து வந்தது. இஸ்ரவேல் ஒரு யூபிலியை முழுமையாகக் கைக்கொண்டதாகப் பழைய ஏற்பாட்டு வரலாற்றில் ஒரு பதிவும் இல்லை. கட்டளையாக எழுதப்பட்டும் நிறைவேறாமல் நின்ற அந்த நம்பிக்கையை ஏசாயா 61 எடுத்துக்கொள்ள, நாசரேத்தின் ஜெபஆலயத்தில் இயேசு அதை வாசித்து, இந்த வேதவாக்கியம் இன்றையத்தினம் நிறைவேறிற்று என்கிறார். லூக்கா 4-ஐத் தொடர்ந்து வாசித்தால், அதே பிரசங்கத்தில் அவர் எலியாவின் நாட்களையும், வானம் அடைபட்டுத் தேசமெங்கும் பஞ்சம் உண்டானதையும், சரெப்தா ஊர் விதவையையும் நினைவுபடுத்துவதைக் காண்பீர்கள். எலியா, பஞ்சம், யூபிலி என்ற மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, அதற்கு 'இன்று' என்று நாள் குறித்தவர் கர்த்தராகிய இயேசுவே. உங்கள் மூப்பரோடு ஒரே ஒரு பகுதியை மட்டும் சேர்ந்து வாசிக்க வாய்ப்பிருந்தால் லூக்கா 4:16 முதல் 30 வரை வாசியுங்கள்.

சீயோனிலிருந்து இரட்சிப்பு வருகிறது என்ற அடி சங்கீதம் 14:7-இல் அப்படியே இருக்கிறது. ரோமர் 11:26-உம் அதைத் தொடுகிறது. யேகோவாவைப்போல வேறு தேவன் இல்லை என்று திரும்பத் திரும்ப வரும் பகுதி, செங்கடலின் கரையில் மோசேயோடு இஸ்ரவேலர் பாடிய பாட்டின் (யாத்திராகமம் 15:11) எதிரொலி. 'யேகோவா என்பது சரியான உச்சரிப்பா' என்றும் கேட்டிருந்தீர்கள். எபிரெயத்தில் தேவனுடைய பெயரை எழுதும் நான்கு மெய்யெழுத்துகளோடு, யூதர்கள் அதற்குப் பதிலாக வாசித்த 'அதோனாய்' என்ற சொல்லின் உயிரொலிகளைச் சேர்த்ததால் உண்டான வடிவம் அது. 'யாவே' என்பதே மூல ஒலிக்கு நெருக்கமானது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். சங்கீதம் 83:18-இல் நம் வேதாகமம் யேகோவா என்றே எழுதியிருப்பதால் சபையில் பாடத் தயங்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றிச் சில சொற்கள். இது பதிப்புரிமை உள்ள பாடல். ஆகையால் அச்சிடவோ பதிவு செய்யவோ எண்ணினால் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். 'இவை எலியாவின் நாட்கள்' என்பதை 'எலியாவின் நாட்களைப் போன்றவை' என்று தளர்த்த வேண்டாம். லூக்கா 1:17 தரும் துணிவு போதும். தாவீதின் அடியில் 'தேவாலயம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'துதியின் ஆலயம்' என்று இணைத்தே வையுங்கள். கட்டடம் என்று எண்ணி மயங்க இடமிராது. யேகோவாவைப் பற்றிய அடி தமிழில் மெட்டுக்குள் அடங்காமல் முரண்டு பிடிக்கும். அங்கே சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், கர்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்டு ஜனங்களெல்லாரும் முகங்குப்புற விழுந்து இருமுறை சொன்னதை எடுத்துவைத்துப் பாருங்கள்: 'கர்த்தரே தெய்வம், கர்த்தரே தெய்வம்' (1 இராஜாக்கள் 18:39). எலியா என்ற பெயருக்கு 'என் தேவன் கர்த்தரே' என்றுதான் பொருள். பாடல் எந்தப் பெயரில் தொடங்கியதோ அந்தப் பெயரையே ஜனங்கள் தங்கள் வாயால் சொல்லி முடிப்பதாக அது அமையும்.